பாணும் உப்பும் பிடிப்பது யார்?

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். பின்னேரத்தில் நான் பால் காய்ச்சுகிறவள் இல்லை. நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அம்மா, கலியாணத்தண்டு பின்னேரம் லேனாவும் நானும் மண்டப வாசலுக்கு வரேக்க, பாணும் உப்பும் நீங்கள்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். மாப்பிள்ளையின்ரை அம்மாதான் பிடிக்கிறதாம்." பின்னால் லேனா ஏதோ சொல்லிச் சிரித்ததும் கேட்டது. எர்லாங்கனில் ஒரே சோபாவில் இருந்துகொண்டு இரண்டு பேரும் லேசாகக் கேட்டுவிட்டீர்கள். எனக்குத்தான் பதில் வாயில் வரவில்லை. வாயில் வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். நீ எழுத்துக் கூட்டி வாசித்து, லேனாவுக்கு இந்த ஜேர்மன்காரரின் டொச்சில் சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவளுடைய வீட்டைப் பற்றி எழுதியதில் ஒன்றையும் ஒளிக்காதே. உன்னைப் பற்றி எழுதியதில் வேண்டுமானால் ஒன்றிரண்டை விட்டுவிடு.

ரஷ்யர்களின் இந்த வழக்கத்தைப் பற்றி நான் தமாராவிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறேன். உன் மாமியார் ஆகப்போகிறவள் எதையும் அரைகுறையாகச் சொல்ல மாட்டாள். சடங்கு முடிந்து வரும் புதுத் தம்பதியை மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று வரவேற்பாள். கையில் பூவேலை செய்த நீளத் துவாய். துவாயின்மேல் கோதுமை மாவில் சுட்ட வட்டமான பெரிய பாண். பாணின் நடுவில் சின்னக் கிண்ணத்தில் உப்பு. இரண்டு பேரும் பாணில் ஆளுக்கொரு கடி கடிக்க வேண்டும். பெரிய துண்டாகக் கடித்தவர்தான் வீட்டுக்கு அதிகாரி. அதன் பிறகுதான் மண்டபத்துக்குள் கால் வைக்கலாம். ஆகவே வாசலில் நிற்கும் தாய்தான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நிற்பவள். என் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

உன் அப்பா போனபோது நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். அதற்குப் பிறகு இந்த ஸ்டுட்கார்ட்டில் நம் ஆட்களின் கலியாணம் எத்தனையோ நடந்துவிட்டது. ஒன்றிலும் நான் மணவறைப் பக்கம் போனதில்லை. சுமங்கலிகள் ஆலாத்தி எடுக்கும் நேரத்தில் நான் குசினியில் வடைத் தட்டோடு நிற்பேன். நீ சின்னவனாக இருந்தபோது என்னைத் தேடிக்கொண்டு அங்கே வருவாய். "ஏன் அம்மா இங்கை நிக்கிறியள்?" என்று கேட்பாய். "இங்கைதானடா சுடச்சுட வடை" என்று உன் கையிலும் ஒன்றைத் தருவேன். அம்மாவுக்கு வடை என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டே நீ வளர்ந்துவிட்டாய். எனக்கு வடை அவ்வளவு பிடிக்காது. இதை முதல்முறையாகச் சொல்கிறேன்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. "நீ கைம்பெண், தள்ளி நில்" என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். நான் ட்ராம் ஓட்டுகிறவள். காலையில் வேலைக்குப் போகிற அத்தனை சனமும் எனக்குப் பின்னால்தான் இருக்கிறது. தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டு வெதுப்பகத்துக்குள் போன ஒரு பெரிய மனிதரை நான் மணியடித்து மணியடித்தே வெளியே வரவைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் கலியாண மண்டபத்துக்குள் வந்ததும் பூனை மாதிரிச் சுவரோரமாக நடக்கிறேன் என்றால், அது மற்றவர் சொல்லி வந்த நடை இல்லை. முதல் தடவை துக்கத்தில் ஒதுங்கினேன். அடுத்த தடவை, போன தடவை ஒதுங்கினோமே என்று ஒதுங்கினேன். பிறகு யோசிக்கவே இல்லை.

இப்போது நீ கேட்டதும் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யோசித்தபோது இந்த இரண்டு வருடமாக அந்தக் குடும்பத்தோடு கழித்த பண்டிகைகள்தான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவர்களை நான் பண்டிகை பண்டிகையாகத்தான் அறிந்தேன்.

முதன்முதல் என்னை நீ நூரன்பேர்க்கில் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனது ஒரு டிசம்பர் முப்பத்தொன்று. ரஷ்யர்களுக்கு கிறிஸ்து பிறந்த நத்தாரை விட வருடப் பிறப்புத்தான் பெரிது, மரமும் பரிசும் அன்றைக்குத்தான் என்று காரில் சொன்னாய். குடிப்பதற்கு ஒரு சாட்டு என்று நான் மனதுக்குள் நினைத்தேன். வாசலில் தமாரா நின்றாள். நான் படியின் இந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டினேன். அவள் கையைத் தொடாமல், என்னைத் தோளில் பிடித்து உள்ளே இழுத்துவிட்டுத்தான் கைகுலுக்கினாள். வாசற்படிக்கு மேலால் கைகொடுத்தால் சண்டை வருமாம். சம்பந்திகளுக்குள் சண்டை வர வாசற்படி தேவையில்லையே என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிடி எனக்குப் பிடித்துவிட்டது.

மேசையைப் பார்த்துத் தலை சுற்றியது. உருளைக்கிழங்கு, கரட், பட்டாணி, முட்டை, ஊறவைத்த வெள்ளரி எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, இறைச்சியும் சேர்த்து மயோனைசில் குழைத்த சலாது ஒரு பெரிய சட்டி நிறைய. பக்கத்தில் உப்பு மீனை அடியில் வைத்து மேலே பீற்றூட்டால் மூடிய இன்னொன்று. அதற்குக் கம்பளிக் கோட்டுப் போட்ட மீன் என்று பெயர். அன்று வெள்ளிக்கிழமை, நான் மச்சம் சாப்பிடாத நாள். மச்சம் வேண்டாம் என்றால் "கோழியுமா?" என்று கேட்பவர்களைத்தான் இந்த நாட்டில் நான் கண்டிருக்கிறேன். தமாரா அப்படிக் கேட்கவில்லை. நானும் அவளும் பேசுவது உடைந்த டொச். அதை நம் தமிழிலேயே எழுதுகிறேன். "ஆ, விரதமோ! எங்கட பெரிய நோன்பிலயும் இப்பிடித்தான், முட்டையும் தொடமாட்டம்" என்றாள். உடனே அவித்த கிழங்கையும் பட்டாணியையும் தனிக் கோப்பையில் எண்ணெய் விட்டுக் குழைத்து என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து எந்தக் கிழமை போனாலும் அந்தக் கோப்பை எனக்கு வந்துவிடுகிறது. கோட்டுப் போட்ட மீனை நான் இன்னும் ருசி பார்க்கவில்லை. வெள்ளி மட்டும்தான் எனக்கு விரதம் என்று நீ லேனாவிடம் நைசாகச் சொல்லிவை.

பின்னேரம் ஏழு மணிக்கு விக்டர் எழும்பி எல்லோருடைய கிளாசையும் நிரப்பினார். லேனாவின் அப்பாவுக்குக் குரலும் பெரிது, கையும் பெரிது. சைபீரியாவில் அவர்கள் விட்டுவந்த ஊரில் வருடம் பிறந்துவிட்டதாம். எல்லோரும் கட்டிப்பிடித்தோம். பத்து மணிக்கு மறுபடியும் கட்டிப்பிடித்தோம், அது மொஸ்கோவுக்கு. பிறகு ஜேர்மனிக்கு. முடிந்தது என்று நான் கோட்டைத் தேடினால், "ஜனவரி பதின்மூண்டு பின்னேரம் பழைய நாட்காட்டியின்ரை வருசம் பிறக்கும், அதுக்கும் வாங்கோ" என்கிறாள் தமாரா. எங்களுக்குச் சித்திரையில் இன்னொன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். விக்டர் அதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

அவர்களுடைய பனித்தாத்தா சும்மா பரிசு தரமாட்டார் என்று நீ எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். விக்டர் நீலக் கோட்டும் பஞ்சுத் தாடியுமாக வந்தார். கூடவே பனிப்பேத்தியாக லேனா. பரிசு வேண்டுமென்றால் முக்காலியில் ஏறி நின்று பாட்டோ கவிதையோ சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை. நீ தமிழ்ப் பள்ளியில் படித்த பாட்டில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினாய். என்னையும் ஏற்றிவிட்டார்கள். மேலே ஏறியதும் எனக்குத் தேவாரம் ஒரு வரி வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். என் ட்ராம் பாதையில் வருகிற நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னேன், அறிவிப்புக் குரலிலேயே. ஷ்லொஸ்பிளாட்ஸ், சார்லட்டன்பிளாட்ஸ், ஓல்காஎக். அந்த மூன்றாவது பெயரில் விக்டர் தாடி கழன்று விழக் கைதட்டினார். அந்தக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு மருமகளாக வந்த ஒரு ராணியின் பெயராம் அது. இத்தனை வருடம் அந்த நிறுத்தத்தில் கதவு திறந்து மூடுகிறேன், எனக்குத் தெரியாது. "பாத்தியளோ, எங்கட பொம்பிளையள் உங்கட ஊருக்கு வாறது புதுசில்லை" என்றார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது.

அவர்கள் முதன்முதல் நம் வீட்டுக்கு வந்ததும் பண்டிகையில்தான். பழைய வருடப் பிறப்பும் தைப்பொங்கலும் ஒட்டிக்கொண்டு வந்ததால், பதின்மூன்றாம் தேதி பின்னேரமே வந்து தங்கிவிட்டார்கள். தமாரா கோதுமையை அவித்துத் தேனும் முந்திரிகை வத்தலும் கசகசாவும் போட்டு ஒரு பண்டம் கொண்டு வந்தாள். இனிப்புச் சோறு ஒன்றும் அவர்களுக்குப் புதிதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் பல்கனியில் மின்சார அடுப்பில் பானை வைத்தோம். நல்ல குளிர். பொங்குவேனா என்று அடம்பிடித்தது. விக்டர் பானைக்குக் காற்றுப்படாமல் தன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கியதும் அவர் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார்.

அதன் பிறகு ஒன்று நடந்தது. நீ அப்போது கீழே காரில் சாமான் எடுக்கப் போயிருந்தாய். அவர்கள் வழக்கப்படி அந்தப் பழைய வருடத்தின் முதல் காலையில் ஆண்பிள்ளை ஒருவன் வீடு வீடாகப் போய்த் தானியம் தூவி வாழ்த்துவானாம். விக்டர் என் அரிசி வாளிக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, அறை வாசலில் நின்ற என் தலைமேல் தூவிவிட்டார். ஏதோ ரஷ்யப் பாட்டும் பாடினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் கலியாணத்துக்குப் பிறகு என் தலையில் அரிசி விழுந்தது அன்றைக்குத்தான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, கூந்தலை உதறிவிட்டு வந்தேன். அழுதேனா என்று கேட்காதே. சந்தோசமாக இருந்தது, அதுதான் உண்மை.

மார்ச் எட்டையும் சொல்ல வேண்டும். பெண்கள் தினம் என்று இங்கே தொழிற்சங்கக்காரர் நோட்டீஸ் கொடுப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரஷ்யர்களுக்கு அது பெரிய விடுமுறை. அன்றைக்கு ஆண்கள் கண்ணில் பட்ட பெண்ணுக்கெல்லாம் பூக் கொடுக்க வேண்டும். வேலை அலுவலாக ஸ்டுட்கார்ட் வந்திருந்த விக்டர், என் ட்ராமின் கடைசி நிறுத்தத்தில் மஞ்சள் பூக்கொத்தோடு நிற்கிறார். ஓட்டுநர் கதவைத் தட்டி எனக்குத் தந்தார். பிறகு, இறங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் பையிலிருந்து ஒவ்வொரு பூவாக எடுத்து நீட்டினார். யார் மனைவி, யார் தாய், யார் தனிக்கட்டை என்று அவர் விசாரிக்கவில்லை. அதற்குப் பதில் மரியாதை செய்ய நினைத்து, தமாராவின் பிறந்தநாளுக்கு நான் பத்து ரோசாப் பூ வாங்கிப்போனேன். அவள் நன்றி சொல்லி வாங்கினாள். நான் மற்றப் பக்கம் திரும்பியதும் ஒன்றை உருவி வேறு கிளாசில் வைத்தாள். நான் பார்த்துவிட்டேன். இரட்டைப்படையில் பூக் கொண்டுபோவது செத்தவீட்டுக்குத்தானாம். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் யோசித்துப் பார், கலியாண அன்பளிப்பில் நூறு வைக்காமல் நூற்றியொன்று வைக்கிற நாங்கள் இதை ஊகித்திருக்க வேண்டும். நீ லேனாவுக்குப் பூ வாங்கும்போது கடைக்காரரை நம்பாமல் எண்ணிப் பார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அவர்களுடைய பான்கேக் வாரம். பெரிய நோன்பு தொடங்குமுன் ஒரு கிழமை முழுக்க மெல்லிய பான்கேக் சுட்டுத் தின்பதுதான் வேலை. புதன்கிழமை மருமகன் மாமியார் வீட்டுக்குப் போய்த் தின்ன வேண்டும் என்று சட்டம். நீ மருமகன் ஆகுமுன்னமே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாய். தமாரா சுடுவதைப் பார்த்தேன். என் தோசைக்கும் அதற்கும் புளிப்பில்தான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தோட்டத் துண்டில், குளிர்காலத்தை வழியனுப்ப வைக்கோல் பொம்மை ஒன்றை எரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். விக்டர் அவர் கையில் சுடச்சுட ஒரு பான்கேக்கை வைத்தார். அவர் பிறகு கேட்கவில்லை. இரண்டாவது பான்கேக்குக்கு வேலியைச் சுற்றி வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கிற ஞாயிறு. நோன்புக்குள் போகுமுன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். தமாரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "என்னை மன்னியுங்கோ" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"லேனா முதல் உங்கட மகனைப் பற்றிச் சொல்லேக்க, நான் ஒரு கிழமை அவளோட கதைக்கேல்லை. தெரியாத சனம், தெரியாத சாமி எண்டு பயந்தனான்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நீ முதன்முதல் லேனாவின் படத்தைக் காட்டிய அன்று, நான் உன் அப்பாவின் அக்கா பெரிய மாமிக்குப் போன் எடுத்து, "ரஷ்யாக்காரி புட்டு அவிப்பாளோ மச்சாள்?" என்று அழுததைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு அவர்கள் சொல்கிற முறைப்படி, "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறன்" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். மகன், வேறு எந்தப் பண்டிகையை விட்டாலும் இந்த ஞாயிறை விடாதே. உன் அப்பாவும் நானும் சண்டை பிடித்தால் யார் முதலில் கதைப்பது என்று நாள்கணக்கில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிவோம். எங்கள் நாட்காட்டியிலும் இப்படி ஒரு நாள் அச்சடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சண்டை பிடிக்காமல் வாழுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது நடக்காது. மன்னிப்புக் கேட்க ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர்களுக்குச் சிரிப்பில்லாத நாளும் இருக்கிறது. மே ஒன்பது, போர் முடிந்த நாள். தமாரா தன் தாத்தாவின் படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கிளாசை வைத்து அதன்மேல் பாண் துண்டு ஒன்றை வைப்பாள். விக்டரின் ஆட்கள் அதே போரில் ஜேர்மன் வம்சம் என்பதற்காகச் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டவர்கள். இப்போது அங்கே மறுபடியும் போர் நடக்கிறது. அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே சொந்தக்காரர் சிலரோடு பேச்சு முறிந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள். மே மாதம் எங்களுக்கும் அப்படித்தான் என்று நான் ஒருமுறை சொன்னேன். தமாரா விளக்கம் கேட்கவில்லை, தேத்தண்ணி ஊற்றினாள். அந்த நாளில் நீ யாருடைய நியாயத்தையும் பேசப் போகாதே. கோப்பைகளைக் கழுவி வை, போதும்.

இவ்வளவு பழகிய பிறகும் உன் கேள்விக்கு எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு நம் ஆட்கள் அத்தனை பேரும் மண்டபத்தில் இருப்பார்கள். நல்ல காரியத்துக்கு முதல் ஆளாக நான் நின்று, நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் "தாய் முன்னுக்கு நிண்டவள்தானே" என்று யாராவது சொன்னால்? ட்ராமில் வராத பயம் அதில் வந்தது. அதனால் திங்கட்கிழமை தமாராவுக்குப் போன் எடுத்து, பாணை உன் பெரிய மாமியும் மாமாவும் சோடியாக நின்று பிடிக்கட்டும் என்றேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "என்ரை கலியாணத்தில விக்டரின்ரை அம்மா தனியத்தான் பிடிச்சவ. அவவுக்கும் மனிசன் இல்லை. நான் உங்களை வற்புறுத்தமாட்டன். உங்கட மச்சாள் நல்லவ, தெரியும். ஆனா பிள்ளையள் ரெண்டும் வாசலில வந்து நிண்டு ஆரைத் தேடுவினம்?"

அதற்கும் நான் "பாப்பம்" என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பெரிய மாமி வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அக்கா என்பதால் அவவுடைய வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். அவ கறி வைத்து ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தா. நானும் பக்கத்தில் இருந்து முட்டையில் தோய்த்துக் கொடுத்தபடி, "மச்சாள், பின்னேரம் பாண் பிடிக்க நீங்களும் அத்தானும் நிண்டால் நல்லம்" என்றேன்.

"ஏன், உனக்குக் கையில்லையோ?" என்றா.

"எனக்கு எப்பிடி ஏலும்?"

அவ ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "பிள்ளை, நான் எப்பவாவது உன்னைப் பின்னுக்குப் போ எண்டு சொன்னனானோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தம்பி போய் முதல் வந்தது என்ரை மூத்தவளின்ரை கலியாணம். பொம்பிளை மாப்பிள்ளையின்ரை தலையில அறுகரிசி போடுற நேரம் தட்டைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி வந்தனான். நீ குசினியில நிக்கிறாய். உனக்கு மணவறையைப் பாக்க மனமில்லையாக்கும், கூப்பிட்டால் அழுவாய் எண்டு நினைச்சுத் திரும்பி வந்திட்டன். பிறகு ஒவ்வொரு கலியாணத்துக்கும் நீயாப் போய் அங்கை நிக்கிறாய். நானும் உன்ரை விருப்பம் எண்டு விட்டிட்டன்."

"உங்களுக்கு என்னை முன்னுக்குக் கண்டால் தம்பியின்ரை ஞாபகம் வந்து துக்கமா இருக்கும் எண்டு நான் நினைச்சன்" என்றேன்.

"உன்னைக் குசினியில காணேக்கதான் எனக்கு அவன்ரை ஞாபகம் வாறது" என்றா.

இரண்டு பேரும் முட்டைக் கையோடு அழுதோம். பிறகு சிரித்தோம். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு இத்தனை கலியாணங்களைக் கழித்திருக்கிறோம். அவவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஒரு ரஷ்யப் பாண் தேவைப்பட்டிருக்கிறது. உனக்கும் லேனாவுக்கும் நான் சொல்ல நினைத்த புத்தி இதுதான்: மற்றவர் மனதில் இருப்பதை நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நிற்காதீர்கள். வாய் திறந்து கேளுங்கள்.

ஆகவே பாணை நான்தான் பிடிப்பேன். தமாராவுக்கும் சொல்லிவிட்டேன்; போனிலேயே அவள் போட்ட சத்தத்தில் விக்டர் ஓடி வந்துவிட்டார். நீ சின்னத் துண்டாகக் கடி. வீட்டு அதிகாரம் அவளிடம் இருப்பதுதான் உனக்கு நல்லது. விருந்தில் ரஷ்ய ஆட்கள் "கசக்குது, கசக்குது" என்று தங்கள் மொழியில் கத்துவார்கள். நீங்கள் முத்தம் கொடுத்தால்தான் அவர்களுக்கு மது இனிக்குமாம். கறியில் என்ன பிழை என்று பெரிய மாமி குசினிக்கு ஓடாமல் இருக்க, அதை அவவுக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டேன். "எங்கட ஆக்களுக்கு முன்னால முத்தமோ!" என்று முகத்தைச் சுளித்தா. பிறகு அந்தச் சொல்லை எப்படிக் கத்துவது என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிப் பழகினா.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பாண் பின்னேரம்தான். அவர்கள் வழக்கம் எனக்கு இடம் தருகிறது, நான் போய் நிற்கிறேன். அதில் என் துணிச்சல் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் நம் சடங்கு இருக்கிறது. தாலி கட்டி முடிந்து நீங்கள் இருவரும் மணவறையில் எழும்பி நிற்கும்போது, ஐயர் உங்கள் தலையில் அறுகரிசி தூவி வாழ்த்தப் பெரியவர்களைக் கூப்பிடுவார். வழமையாக முதலில் வருவது சோடியாக நிற்பவர்கள்தான் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை தட்டோடு பெரிய மாமி என் பக்கத்தில் நிற்பா. முதல் பிடி நான் போடுவேன். இதற்கு நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எனக்கு இப்பவும் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் வருவேன். நீயும் நெடுத்துப் போனாய், அதற்கு மேல் தலைப்பாகை வேறு. என்னைக் கண்டதும் கொஞ்சம் குனிந்து கொடு, என் கை உன் தலைக்கு எட்ட வேண்டும்.

அம்மா